காய்கறித் துலாபாரம்

மேலச்சேரங்குடிப் பள்ளியில் முதன்முதலாக எடை பார்த்தது ஆடிப்பெருக்குக்கு முன்பா, பின்பா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாக ஒரு நினைவு. வெறும் மணலாகக் கிடந்ததாக இன்னொரு நினைவு. பிறகு நடந்த விழாவில் பெரியவர்கள் பேசியதை மட்டும் சரியாக நினைவு வைத்திருக்கிறேன் என்று நம்புகிறேன். அதையெல்லாம் கற்பனை செய்ய எனக்குத் திறமை கிடையாது. மற்றவற்றில் பிழை இருந்தால் வேம்புதான் திருத்த வேண்டும். அவள் திருத்த மாட்டாள். அதிகம் பேசுகிறவள் இல்லை.

பாபநாசத்திலிருந்து தெற்கே வயல்களுக்கு நடுவில் போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். அங்குள்ள நடுநிலைப் பள்ளிக்கு, வெள்ளை ஜீப் ஒன்றில் எடை இயந்திரத்தோடு வந்து இறங்கினார் மதிவாணன். தளிர்நல எடைச்சீர்மை இயக்ககத்தின் மண்டல ஒருங்கிணைப்பாளர். டெல்டாவில் குழந்தைகள் பருத்துக்கொண்டு வருகிறார்கள், அதிலும் இப்போதெல்லாம் வசதியான வீட்டுக் குழந்தைகளைவிட வசதியில்லாத வீட்டுக் குழந்தைகள் வேகமாகப் பருக்கிறார்கள் என்று ஏதோ ஒரு கருத்தரங்கில் யாரோ சொல்லிவிட, அதைக் கேட்டுக் கவலைப்பட்டவர்கள் சேர்ந்து தொடங்கியது அந்த இயக்ககம். பருத்த குழந்தையைக் கண்டுபிடிப்பது, இளைக்க வைப்பது, இளைத்த குழந்தையை மேடையில் ஏற்றிக் காட்டுவது, இவை மூன்றும் அதன் பணிகள். மூன்றாவதற்குத்தான் ஆட்கள் அதிகம்.

பிள்ளைகள் வரிசையாக இயந்திரத்தில் ஏறி இறங்கினார்கள். சரியான எடைக்குப் பச்சை, கொஞ்சம் கூடினால் மஞ்சள், மிகக் கூடினால் சிவப்பு என்று விளக்கு எரியும். எடை குறைவாக இருந்தால் எந்த விளக்கும் எரியாது. பிள்ளை மேல் பிள்ளை ஏறியும் இயந்திரம் பெரும்பாலும் இருட்டாகவே கிடந்தது. ரிப்பேரோ என்று சந்தேகப்பட்டு மதிவாணன் தாமே ஒரு தடவை ஏறிப் பார்த்தார். சிவப்பு பளிச்சென்று எரிந்தது. இயந்திரத்தில் குற்றமில்லை.

தலைமையாசிரியை மங்களாம்பிகைக்கு, வந்த விருந்தாளிக்குச் சரியான சாப்பாடு போட முடியாமல் போனதுபோல வெட்கமாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். விளக்கு எரியாத பிள்ளைகளுக்கு இயக்ககம் ஏதாவது செய்யுமா என்றும் கேட்டார்.

"அது வேற துறை மேடம்," என்றார் மதிவாணன். "ஒல்லிக்கு அவங்க, குண்டுக்கு நாங்க. ஒருத்தர் எல்லையில ஒருத்தர் நுழைஞ்சா பெரிய பிரச்சினையாயிடும்."

அப்போதுதான் ஏழாம் வகுப்பிலிருந்து செம்மொழி வந்து ஏறினாள். சிவப்பு எரிந்தது. மதிவாணன் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பள்ளியில் இதுவரை எந்தப் பாடத்திலும் யாரும் அவளுடைய கையைக் குலுக்கியதில்லை. அவள் சிரித்தாள்.

செம்மொழியின் அம்மா வேம்பு, தஞ்சாவூர் சாலையில் இருக்கும் நடராசன் நொறுக்குத்தீனிக் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை பார்த்தாள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் முழுவதும் உடைந்துபோன முறுக்கு, சிப்ஸ், காராச்சேவு எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் சேர்த்து வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்குப் பை பையாக அள்ளிக் கொடுப்பார்கள். அதற்குத் தூள் என்று பெயர். முதலாளி அதை போனஸ் என்று சொல்லுவார். வேம்புவின் புருஷன் இளவழகன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். பாதி வருஷம் இயந்திரத்தோடு ஆந்திராவில் கிடப்பான். அம்மா பஸ் பிடித்து வீடு வந்து உலை வைக்கும்வரை செம்மொழிக்குத் தூள்தான். காலையில் வரக்காப்பியோடும் தூள்தான். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். ஒரு கத்திரிக்காய் வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும்.

கொஞ்ச காலமாகவே பெண்ணின் பின்கழுத்து கறுத்துக்கொண்டு வந்தது. வேம்பு அதை அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள், பிறகு தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிரக் கறுப்பு போகவில்லை. பெண் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துகொண்டாள். உடம்பில் ஏதோ இருக்கிறது என்று வேம்புவுக்குத் தோன்றியது. என்ன என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அதனால் பள்ளிக்குக் கூப்பிட்டு அனுப்பியபோது அவள் பயப்படவில்லை, சந்தோஷமாகத்தான் போனாள். மதிவாணன் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். சிவப்புக் குழந்தைகளுக்கென்றே தஞ்சாவூரில் ஒரு சிறப்பு டாக்டரை ஏற்பாடு செய்திருப்பதாகவும், ரத்தப் பரிசோதனை முதல் மருந்துவரை எல்லாம் இலவசம் என்றும் சொன்னார். தொடக்க விழா நடந்து முடிந்ததும் டாக்டரைப் பார்க்கலாம். கழுத்துக் கறுப்பைப் பற்றி வேம்பு கேட்டாள். அதையும் டாக்டரே பார்த்துக்கொள்வார், விழா வெகு சீக்கிரம் என்றார்.

வேம்பு அன்றிலிருந்தே தன்னால் ஆனதைச் செய்ய ஆரம்பித்தாள். சனிக்கிழமை தூள் வாங்குவதை நிறுத்தினாள். வரப்பில் முளைக்கும் கீரையைப் பறித்து வந்து ஆக்கினாள். சாயங்காலத்தில் பெண்ணை வாய்க்கால் கரையோரமாக நடக்க வைத்தாள். அடுத்த முறை ஜீப் வந்தபோது செம்மொழி இயந்திரத்தில் ஏறினாள். சிவப்பு எரியத் தயங்கி, ஒரு நிமிஷம் மஞ்சளாக மினுக்கி, பிறகு அரை மனசாகச் சிவந்தது. மதிவாணனுக்கு வியர்த்துவிட்டது. கம்பெனிக்கு ஆள் அனுப்பி வேம்புவை வேலையிலிருந்து பாதியில் வரவழைத்தார்.

"யாரைக் கேட்டு எடையைக் குறைச்சீங்க?"

திருடிவிட்டு மாட்டிக்கொண்டதுபோல வேம்பு நின்றாள். "தெரியாம பண்ணிட்டேன் சார்."

"இன்னும் திட்டமே தொடங்கல. தொடங்காத திட்டத்துக்கு எப்படிம்மா பலன் வரும்? நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். முதல்நாள் பார்த்ததுதான் செம்மொழியின் அடிப்படை எடை. விழா மேடையில் அந்த எடை அப்படியே இருக்க வேண்டும். விழாவுக்குப் பிறகு குறையலாம், குறைந்தே ஆகவேண்டும். விழாவுக்கு முன்னால் குறைந்தால் பெண் மஞ்சளுக்குப் போய்விடுவாள். மஞ்சளுக்கு டாக்டர் கிடையாது, ஒரு கையேடு மட்டும்தான்.

மகளுக்கு வைத்தியம் நடக்க வேண்டுமானால் மகள் அதுவரைக்கும் குணமாகக் கூடாது என்பது மெல்ல மெல்லத்தான் வேம்புவுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும், இவ்வளவு படித்தவர்கள் இப்படிச் சொல்வார்களா, நமக்குத்தான் சரியாக விளங்கவில்லையோ என்றே நினைத்தாள்.

அன்றிலிருந்து செம்மொழிக்குச் சத்துணவில் இரண்டு முட்டை. சோறும் இரண்டு பங்கு. திட்டத்துக்குப் புரவலரே நடராசன்தான் என்பதால், எடைப் பராமரிப்புக்கென்று அவருடைய கம்பெனியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியும் பள்ளிக்கு வந்தது. அதில் இருந்தது தூள் அல்ல, உடையாத முழுச் சரக்கு. வேம்புவே கையால் அடைத்த பாக்கெட்டுகளாகக்கூட இருந்திருக்கலாம். விளக்கு எரியாத பிள்ளைகள் ஒரு முட்டையைத் தின்றுவிட்டு அவளுடைய இரண்டாவது முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள் என்று மங்களாம்பிகை டீச்சர் அவளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். அதை அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். பிள்ளைகள் அவளுக்குத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். 'ஏய் திட்டம், நவுரு' என்பார்கள். கொஞ்ச நாளில் அவளே அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

கம்பெனியில் வேம்புவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுகிறவள் கண்ணாத்தாள். வாய்த் துடுக்கானவள். விஷயத்தையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ஏண்டி வேம்பு, நேர்ந்துவிட்ட ஆட்டைத்தான் இப்படி வளப்பாங்க. உம்பொண்ணுக்கு மாலை எப்பப் போடறாங்களாம்?"

வேம்பு சிரிக்கவில்லை. கண்ணாத்தாளும் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. இயந்திரம் பாக்கெட்டுகளைத் துப்பிக்கொண்டே இருந்தது.

விழாவுக்குத் தேதி குறித்தார்கள். இயக்ககத் தலைவருக்கு அன்றைக்கு வேறு ஊரில் இன்னொரு தொடக்க விழா இருந்தது. மறுபடி குறித்தார்கள். அன்று முகூர்த்த நாள், மண்டபம் கிடைக்கவில்லை. மூன்றாவது தேதியில் யாரோ ஒரு பெரியவர் இறந்துபோனார். துக்கத்தில் எடை குறைப்பது பொருத்தமாக இருக்காது என்றார்கள். நாலாவதற்கு மழை. சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் நின்றது, வடிந்தது, மறுபடி நின்றது. செம்மொழி தனக்குக் கண் மங்கலாகத் தெரிவதாகச் சொன்னாள். கரும்பலகை எழுத்து கலங்குகிறதாம்.

வேம்பு பள்ளிக்குப் போய், நானே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா டீச்சர் என்று கேட்டாள். மங்களாம்பிகை மதிவாணனுக்குப் போன் போட்டார். பதிவான குழந்தையை வெளியில் காட்டினால் அடிப்படை எடை கெட்டுவிடும், அப்படிப் போனால் பெயரை நீக்கிவிட வேண்டியதுதான், அப்புறம் சிறப்பு டாக்டரும் கிடையாது, என்ன வேண்டும் என்று அந்தம்மாவையே முடிவு பண்ணச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

"இவ்வளவு நாள் பொறுத்துட்ட," என்றார் டீச்சர். "இன்னும் கொஞ்ச நாள்தானே வேம்பு. நம்ம ஸ்கூல்ல வேற சிவப்பும் இல்ல."

வேம்பு இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தாள்.

கடைசியில் கார்த்திகையில் ஒருநாள் தஞ்சாவூரில் குளிர்சாதனம் பொருத்திய கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே போகிற எல்லோருக்கும் ஒரு ஜாங்கிரியும் ஒரு காரட்டும் கொடுத்தார்கள். காரட்டைப் பெரும்பாலோர் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்கள். மேடையின் நடுவில், கோயிலில் துலாபாரம் கொடுக்க வைத்திருப்பார்களே, அதுபோலப் பித்தளைச் சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. இது மதிவாணனின் யோசனை. வேண்டுதலுக்கு எடைக்கு எடை வெல்லம் கொடுப்பது நம் பண்பாடு. குழந்தையின் எடைக்கு எடை காய்கறி கொடுத்தால் பண்பாடும் ஆயிற்று, விழிப்புணர்வும் ஆயிற்று.

முன்வரிசையில் நடராசனின் மகன் உட்கார்ந்திருந்தான். செம்மொழியின் வயதுதான், அவளைவிட ஒன்றரை மடங்கு இருப்பான். அவனைப் பார்க்க வாரம் ஒரு டாக்டர் வீட்டுக்கே வருவதாகவும், நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஆள் இருப்பதாகவும் கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். அவனை யாரும் எடை பார்க்கவில்லை. அவன் எடை அவனுடைய குடும்ப விஷயம். செம்மொழியின் எடை பொதுமக்கள் விஷயம்.

அவளுக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை கட்டி, தலையில் அட்டைக் கிரீடம் வைத்து, ஒரு தட்டில் உட்கார வைத்தார்கள். எதிர்த்தட்டில் காய்கறியை அடுக்கினார்கள். பார்வைக்கு நிறைய இருக்க வேண்டும் என்று கீரைக்கட்டும் புடலங்காயும் முருங்கைக்காயுமாக வாங்கியிருந்தார்கள். குவியல் செம்மொழியின் தலைக்கு மேலே போயும் தட்டு அசையவில்லை. கூட்டத்தில் ஒருவர் சிரிக்க, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். செம்மொழியும் எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தாள். மதிவாணன் ஓடிப்போய் நடராசனின் காதில் ஏதோ சொன்னார். வெளியே கம்பெனியின் லாரி நின்றது. அதிலிருந்து பாமாயில் டின்கள் வந்தன. வெள்ளித்தாள் சுற்றி, கீரைக்கு அடியில் வைத்தார்கள். தட்டு சமமாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள்.

முதலில் நடராசன் பேசினார்.

"எங்கிட்ட வேலை பாக்கற பொண்ணுங்களுக்கு நான் எதையும் இல்லேன்னு சொன்னதில்ல. உடைஞ்சதைக்கூட வெளியில விக்கமாட்டேன், அவங்களுக்குத்தான் குடுப்பேன். நெல்லு வெளையற பூமியில ஒரு குழந்தை பசியோட இருக்கலாமா? அஞ்சு ரூபா பாக்கெட்டுல பசி அடங்கும்னு காட்டினவன் நான். அடங்கின பசி கொஞ்சம் சதையா தங்கிடுது. அதுக்கும் இப்ப செலவு பண்றேன்."

அடுத்து தலைவர் எழுந்தார். புகைப்படம் நன்றாக வர வேண்டும் என்பதால், அவர் பேசி முடிக்கும்வரை குழந்தை தட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்தப் பக்கம் ஊருக்கு ஒரு குண்டுப் பையன்தான் இருப்பான். பண்ணை வீட்டுப் பையன். எங்க ஊர்ல அது நான்தான்." சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "வயல்ல வேலை செய்யறவங்க பிள்ளைங்களை விலா எலும்பை வெச்சே அடையாளம் சொல்லிடலாம். இன்னைக்குப் பாருங்க. கூலி வேலை பாக்கற ஒரு தாயோட மகள் எப்படி உக்காந்திருக்கா! இது சமத்துவம் இல்லையா? எங்க வீட்டோட நின்ன வியாதி இன்னைக்குக் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. இதை நாம முதல்ல கொண்டாடணும். கொண்டாடி முடிச்சிட்டு, அப்புறம் ஒழிக்கணும்."

பலத்த கைதட்டல். அவர் வளர்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

செம்மொழி தண்ணீர் கேட்டாள். மேடையோரம் நின்ற பெண்ணிடம் கையால் சைகை காட்டிக் கேட்டாள். அந்தப் பெண் மதிவாணனைப் பார்த்தாள். இப்போது குடித்தால் தட்டு இறங்கும் என்று அவர் தலையை ஆட்டினார். செம்மொழி மறுபடி கேட்டாள். பிறகு கேட்கவில்லை. கிரீடம் முன்னால் சரிந்தது. தலையும் கூடவே சரிந்தது. பட்டுப்பாவாடையிலிருந்து தட்டுக்கு ஈரம் இறங்கியது. முன்வரிசையில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

வேம்பு கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். ஓடவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய் மேடையில் ஏறினாள். மதிவாணன் எதிரில் வந்தார். அவ்வளவு மாதமாக மனசில் வைத்திருந்த ஒரே கேள்வியை அவள் கேட்டாள்.

"டாக்டர் எங்க சார்?"

மைக்கில் விழாதபடி அவர் மெதுவாகச் சொன்னார். "டாக்டர் ரெண்டாவது கட்டம்மா. மொதக் கட்டம் விழிப்புணர்வு. ரெண்டாவதுக்கு இன்னும் ஒப்புதல் வரல."

மதிவாணன் இரண்டு தடவை கைக்குட்டையை எடுத்தார். வேம்பு குனிந்து மகளை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள்.

எதிர்த்தட்டு தடாலென்று விழுந்தது. புடலங்காய்கள் உருண்டன. ஒரு டின்னின் மூடி தெறித்து, எண்ணெய் மேடை முழுக்கப் பரவி தலைவர் நின்ற இடத்துக்கு வந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நாற்காலியில் ஏறி நின்று தொடர்ந்தார்.

வாசலில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் பணம் வேண்டாம் என்று சொல்லிப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். அவசரப் பிரிவில் டாக்டர் ஜஸீலா செம்மொழியின் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். பின்கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை மிக அதிகம் என்றார். சலைன் ஏற்ற ஆள் கூப்பிட்டபடியே, பட்டுப்பாவாடையையும் மைதீட்டிய கண்ணையும் பார்த்து, ஏதாவது விசேஷத்திலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டார். வேம்பு ஆமென்று தலையை ஆட்டினாள்.

"இந்தக் கழுத்து இன்னைக்கு நேத்து கறுத்ததில்லைம்மா. தண்ணி தண்ணின்னு கேட்டிருப்பாளே. இவ்வளவு நாளா ஏன் கூட்டிட்டு வரல?"

"விழாவுக்காகக் காத்திருந்தோம்," என்றாள் வேம்பு.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அது கேலியா, பைத்தியமா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரே நாளில் ஒரு குழந்தையை மருத்துவமனை வரை கொண்டுசேர்த்தது முதல் கட்டத்தின் வெற்றி என்று இயக்ககம் அறிவித்தது. மதிவாணன் இப்போது மாநில அளவில் ஒருங்கிணைக்கிறார். நடராசனுக்கு ஒரு விருது கிடைத்தது. அவர் சிறுதானியச் சிப்ஸ் ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறார், அதுவும் அஞ்சு ரூபாய், அதுவும் பாமாயிலில்தான். அவர் மகன் நன்றாக இளைத்து, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். தலைவர் நாற்காலியிலிருந்து இறங்கும்போது வழுக்கிக் கணுக்காலில் அடிபட்டு, தனியார் மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். சமத்துவத்தைப் பற்றி இன்னும் பேசுகிறார். மங்களாம்பிகை டீச்சர் திருவாரூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார். அங்கே அவருடைய பள்ளியில் சிவப்பு மூன்று பேர். விளக்கு எரியாத பிள்ளைகளுக்கான துறை மேலச்சேரங்குடிக்கு இதுவரை வரவில்லை. வேம்புவுக்குக் கம்பெனியில் வேலை போய்விட்டது. களை எடுக்கப் போகிறாள். கண்ணாத்தாள் இன்னும் பாக்கெட் ஒட்டுகிறாள்.

செம்மொழி உயிரோடு இருக்கிறாள். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் குறைவு. மருந்து கெடாமல் வைக்க வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. அதனால் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் தன் கண்ணாடிக் குளிர்பெட்டியில், வண்ண வண்ணமான கூல்டிரிங்க் பாட்டில்களுக்குப் பின்னால் அதை வைத்துக்கொள்கிறார். காசு கேட்பதில்லை. கடை திறக்க நேரமாகிற நாட்களில் செம்மொழி புத்தகப்பையோடு கடை வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.